சந்தையில் எத்தனை குரல்கள்? நிஃப்டி பங்குகளின் நிறமாலையைக் கொண்டு நிலைமாற்றத்தைக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. காலையிலேயே சந்தை 10 விழுக்காடு சரிந்ததால் வணிகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது; தேசியப் பங்குச் சந்தையின் ஐம்பது பெரிய நிறுவனங்களின் குறியீடான நிஃப்டி மாலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு வீழ்ச்சியுடன் முடிந்தது. அன்றிரவு மாம்பலத்திலிருந்து என் சித்தப்பா தொலைபேசியில் கேட்டது இன்னும் நினைவிலிருக்கிறது: “பன்னிரண்டு துறையில பிரிச்சுத்தானேப்பா வச்சிருந்தேன். எல்லாம் சொல்லிவச்ச மாதிரி சேர்ந்து விழுதே, அது எப்படி?”

இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்கான விடைதான். கையில் பன்னிரண்டு பங்குகள் இருப்பது ஒன்று. அவற்றுக்குள் தனித்தனியான அசைவுகள் எத்தனை இருக்கின்றன என்பது வேறொன்று. இந்த இரண்டாவது எண் நிலையானதன்று. அமைதியான காலத்தில் அது கூடும், நெருக்கடியில் குறையும். சந்தையின் நிலை மாறியது என்று நாம் சொல்வதன் உட்பொருளே பெரும்பாலும் இந்த எண் மாறியது என்பதுதான் என்று நான் கருதுகிறேன். அதை அளக்கும் கருவி நிறமாலைப் பகுப்பாய்வு.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன், மிருதங்கத்தைப் பற்றிச் செய்த ஆய்வு இதை விளங்கிக்கொள்ள உதவும். சாதாரணத் தோல் மேளத்தை அடித்தால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. வலந்தலையின் நடுவில் கரணை இடப்பட்டிருப்பதால் மிருதங்கத்தில் அவை முழு எண் விகிதங்களுக்கு வந்துவிடுகின்றன என்று அவர் காட்டினார். எந்த விரலால் எங்கே தட்டினாலும், எந்தெந்த அதிர்வுகள் எழக்கூடும் என்பதை நிர்ணயிப்பது தோலின் அமைப்பு. சந்தையும் அப்படித்தான். செய்தி வந்து தட்டுகிறது. சந்தை எப்படி அதிர்கிறது என்பது அதன் உள்ளமைப்பைப் பொறுத்தது. அந்த அமைப்பு மாறியிருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதே நம் வேலை.

முதற்படி: எந்த நிறமாலை என்று முடிவு செய்தல்

நிதித்துறையில் நிறமாலை என்ற சொல் இரண்டு வேறு பொருள்களில் புழங்குகிறது. ஒன்று, ஒரே தொடரை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே நிறமாலை. மற்றது, பல பங்குகளின் ஒட்டுறவு அணியிலிருந்து (எந்த இரு பங்குகளும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்ற எண்களின் அட்டவணை) கிடைக்கும் ஐகன் மதிப்புகளின் (அந்த அட்டவணைக்குள் இருக்கும் தனித்தனி அசைவுகளின் வலிமைகள்) நிறமாலை. முதலாவது காலத்தின் ஊடாகப் பார்க்கிறது. இரண்டாவது பங்குகளின் ஊடாகப் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நல்லது என்றாலும், என் அனுபவத்தில் நிலைமாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவது இரண்டாவதுதான். எனவே இந்த வழிகாட்டியில் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

இரண்டாம் படி: தரவைச் சுத்தம் செய்தல்

நிஃப்டி 50 பங்குகளின் நாள் முடிவு விலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகள் வேண்டும். அந்தந்தக் காலத்தில் குறியீட்டில் இருந்த பங்குகளையே பயன்படுத்த வேண்டும். இன்றைய ஐம்பதை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், தப்பிப் பிழைத்த நிறுவனங்களின் கதையை மட்டும் கேட்டவர்களாவோம்.

போனஸ் (பங்குதாரர்களுக்கு இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு), முகமதிப்புப் பிரிப்பு ஆகியவற்றுக்கு விலைகள் திருத்தப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொரு பங்காகப் பாருங்கள். இதை நான் அனுபவித்துக் கற்றேன். விலை கொடுத்து வாங்கிய ஒரு தரவுக் கோப்பில் ஒரு பங்கின் ஒன்றுக்கு ஒன்று போனஸ் திருத்தப்படாமல் இருந்தது. கணக்கில் அந்தப் பங்கு ஒரே நாளில் 50 விழுக்காடு விழுந்ததாகப் பதிவாகிவிட்டது. அந்த ஒற்றை எண் அந்தப் பங்கின் திட்ட விலக்கத்தை, அதாவது வருவாய் சராசரியிலிருந்து சிதறும் அளவை, பெருக்கியது. அதனால் மற்ற பங்குகளோடு அதற்கிருந்த ஒட்டுறவு ஏறத்தாழச் சுழியத்துக்கு இறங்கியது. சந்தையில் தனிக்குரல் ஒன்று கூடியதுபோல நிறமாலை காட்டியது. ஃபூரியே பக்கத்தில் விளைவு இன்னும் மோசம். ஒற்றைக் குத்து என்பது எல்லா அதிர்வெண்களிலும் சமமாகப் பரவும் ஆற்றல். உண்மையான வடிவம் அதன் கீழே அமுங்கிப்போகும். அன்றிலிருந்து, ஒரு நாளில் 20 விழுக்காட்டுக்கு மேல் அசைந்த ஒவ்வொரு பதிவையும் நேரில் சரிபார்க்காமல் நான் அடுத்த படிக்குப் போவதில்லை.

தீபாவளியன்று நடக்கும் ஒரு மணி நேர முகூர்த்த வணிகத்தை முழு நாளாக எண்ணாமல் அடுத்த நாளோடு சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டுக் குறியீடுகளையும் சேர்ப்பதானால், மும்பையில் சந்தை மூடிய பிறகே நியூயார்க்கில் சந்தை திறக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஒரே தேதியை ஒப்பிட்டால் ஒட்டுறவு குறைவாகத் தெரியும். வார விலைகளைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

பிறகு விலைகளை மடக்கை வருவாயாக மாற்றுங்கள்: இன்றைய விலையின் மடக்கையிலிருந்து நேற்றைய விலையின் மடக்கையைக் கழித்தால் போதும். விலையையே நேரடியாகப் பகுப்பாய்வு செய்யக் கூடாது. விலைத் தொடரின் நிறமாலை எப்போதும் தாழ்ந்த அதிர்வெண்களில் மலைபோல் குவிந்திருக்கும். பொருளியல் தொடர்களுக்கு இதுவே வழக்கமான வடிவம் என்று கிளைவ் கிரேஞ்சர் 1966 இலேயே சுட்டிக்காட்டினார். அந்த மலையைச் சந்தையின் நீண்ட சுழற்சி என்று பெயரிட்டு விற்பவர்கள் உண்டு. அவர்களை நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: ஒட்டுறவு அணியும் அதன் ஐகன் மதிப்புகளும்

சமீபத்திய 250 வணிக நாள்களை ஒரு சாளரமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பங்கின் வருவாயிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்து, ஐம்பதுக்கு ஐம்பது ஒட்டுறவு அணியைக் கட்டுங்கள். பைத்தான் நிரல்மொழியின் நம்பை (NumPy) நூலகத்தில் சமச்சீர் அணிகளுக்கென்றே தனியாக ஓர் ஐகன் செயற்கூறு இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். பொதுவான செயற்கூறு மதிப்புகளை வரிசையில்லாமல் தரும். சில வேளைகளில் தோராயப் பிழையால் சிக்கலெண்களையும் தரும். கிடைத்த ஐம்பது மதிப்புகளின் கூட்டுத்தொகை 50 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது.

இந்த மதிப்புகள் சொல்வது என்ன? இரண்டே பங்குகள் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். அவற்றின் ஒட்டுறவு 0.6 என்றால் ஐகன் மதிப்புகள் 1.6, 0.4. முதலாவது இரண்டும் சேர்ந்து அசையும் அளவு. இரண்டாவது அவை பிரிந்து அசையும் அளவு. ஐம்பது பங்குகளிலும் எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு 0.3 என்று வைத்துக்கொண்டால், முதல் ஐகன் மதிப்பு 1 உடன் 49 ஐ 0.3 ஆல் பெருக்கிக் கூட்டிய தொகை, அதாவது 15.7. மொத்த அசைவில் அது 31.4 விழுக்காடு. ஒட்டுறவு 0.6 ஆக உயர்ந்தால் முதல் மதிப்பு 30.4, மொத்தத்தில் 60.8 விழுக்காடு.

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு ஐகன் மதிப்பையும் 50 ஆல் வகுத்துப் பங்குவீதமாக்குங்கள். அந்த வீதங்களின் வர்க்கங்களைக் கூட்டி, 1 ஐ அக்கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதைக் குரல்களின் எண்ணிக்கை என்று நான் அழைக்கிறேன். மேற்கண்ட கணக்கில் ஒட்டுறவு 0.3 ஆக இருந்தபோது குரல்கள் 9.2, 0.6 ஆனபோது 2.7. பங்குகள் அதே ஐம்பதுதான். ஆனால் ஒன்பது தனிக்குரல்கள் பேசிய இடத்தில் மூன்றுகூட மிஞ்சவில்லை. பன்னிரண்டு துறைகளில் பிரித்து வைத்தவருக்கு அப்பிரிவினை எப்போது பயன்படாமல் போகிறது என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடுகிறது.

முதல் ஐகன் திசையனின், அதாவது முதல் மதிப்புக்குரிய அசைவில் ஒவ்வொரு பங்கும் எவ்வளவு சேர்கிறது என்று காட்டும் பட்டியலின், எடைகளையும் அச்சிட்டுப் பாருங்கள். ஐம்பது எடைகளும் பொதுவாக ஒரே குறியில் இருக்கும். அதனால்தான் அதைச் சந்தை முறை என்கிறார்கள். அடுத்தடுத்த திசையன்களில் மென்பொருள் ஒரு பக்கம், வங்கிகள் மறுபக்கம் என்பது போன்ற துறைப் பிரிவுகள் தலைகாட்டும். தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராஜ் குமார் பான், சிதாப்ர சின்ஹா ஆகியோர், தேசியப் பங்குச் சந்தையின் 201 பங்குகளை 1996 முதல் 2006 வரையிலான தரவில் ஆராய்ந்து, 2007 இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது: வளர்ந்த சந்தைகளோடு ஒப்பிட்டால், இந்தியப் பங்குகளை இணைப்பதில் துறைசார்ந்த பிணைப்பைவிட எல்லாப் பங்குகளையும் ஒருசேரத் தள்ளும் பொதுவிசையே மேலோங்கியிருந்தது. நம் சந்தையில் முதல் மதிப்பு பெரிதாக இருப்பதைக் கண்டவுடனே நெருக்கடி என்று முடிவு கட்டக் கூடாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். அதன் அளவைவிட அதன் மாற்றமே நமக்கு வேண்டியது.

நான்காம் படி: இரைச்சலைக் கழித்தல்

எந்தத் தொடர்புமில்லாத ஐம்பது சமவாய்ப்புத் தொடர்களை எடுத்தாலும் அவற்றின் ஐகன் மதிப்புகள் சரியாக 1 ஆக இருக்கமாட்டா. தரவு வரம்புக்குட்பட்டது என்பதாலேயே அவை பரவிக் கிடக்கும். எவ்வளவு பரவும் என்பதற்கு விளாதிமிர் மார்ச்சென்கோ, லியோனிட் பாஸ்தூர் ஆகியோர் 1967 இல் விடை தந்தனர். பங்குகளின் எண்ணிக்கையை நாள்களின் எண்ணிக்கையால் வகுங்கள். அதன் வர்க்கமூலத்தை 1 உடன் கூட்டி வர்க்கப்படுத்தினால் மேல் எல்லை. 1 இலிருந்து கழித்து வர்க்கப்படுத்தினால் கீழ் எல்லை. 50 பங்குகள், 250 நாள்கள் என்றால் விகிதம் 0.2; எல்லைகள் ஏறத்தாழ 0.31, 2.09. சாளரத்தை 60 நாளாகச் சுருக்கினால் மேல் எல்லை 3.66 ஆக எகிறுகிறது. 40 நாளாக்கினால் குறைந்தது பதினோரு மதிப்புகள் சுழியமாகிவிடும். அவை சந்தையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, தரவின் போதாமையையே சொல்கின்றன.

1999 இல் லாலூ, சிசோ, பூஷோ, பாட்டர்ஸ் ஆகிய நால்வரும் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டைச் சேர்ந்த 406 பங்குகளில் இதைச் சோதித்தபோது, ஐகன் மதிப்புகளில் 94 விழுக்காடு இரைச்சல் எல்லைக்குள்ளேயே இருந்தன. ஆகவே ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பொருள் கற்பிக்க முயல்வது வீண்வேலை.

ஒரு நுணுக்கத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 50 தான் என்பதால், முதல் மதிப்பு பெரும் பங்கை விழுங்கியபின் மற்றவற்றுக்கு மிஞ்சுவது குறைவு. முதல் மதிப்பு 15.7 என்றால் எஞ்சுவது 68.6 விழுக்காடு; எனவே மேல் எல்லையையும் 0.686 ஆல் பெருக்கி, 2.09 க்குப் பதிலாக 1.44 என்று கொள்ள வேண்டும். இந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் உண்மையான துறைக்குரல்கள் சில இரைச்சலென்று ஒதுக்கப்பட்டுவிடும்.

ஐந்தாம் படி: சாளரத்தை நகர்த்துதல்

மேற்கண்ட கணக்கை ஒவ்வொரு நாளும் ஒரு நாள் நகர்த்தித் திரும்பச் செய்தால் குரல்களின் எண்ணிக்கை ஒரு வரைபடமாகக் கிடைக்கும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறும் இடம் இருக்கிறது. 60 நாள் சாளரம் வைத்திருந்தால், 2020 மார்ச் 23 சாளரத்துக்குள் வந்த கணத்தில் குரல்கள் மளமளவென்று குறையும். அது நியாயமே. ஆனால் 60 வணிக நாள்கள் கழித்து அந்தத் தேதி சாளரத்தைவிட்டு வெளியேறும் நாளில் குரல்கள் திடீரென்று கூடும். அன்று சந்தையில் எதுவுமே நடந்திருக்காது. வரைபடத்தில் மட்டும் புது வசந்தம் வந்ததுபோலத் தோன்றும்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. பழைய நாள்களுக்குப் படிப்படியாகக் குறையும் எடை கொடுப்பது ஒன்று. அப்போது எந்தத் தேதியும் ஒரே நாளில் வெளியேறாது, மெல்ல மங்கும். ஒவ்வொரு பங்கின் வருவாயையும் அதன் அண்மைக்கால ஏற்ற இறக்க அளவால் வகுத்துவிட்டுப் பிறகு ஒட்டுறவு காண்பது மற்றொன்று. இதனால் ஒரே ஒரு கொந்தளிப்பான நாள் முழுச் சாளரத்தையும் ஆள முடியாது. நான் இரண்டையும் சேர்த்தே செய்கிறேன். அரைவாழ்நாள் (ஒரு நாளின் எடை பாதியாகக் குறைய ஆகும் காலம்) 125 வணிக நாள்கள் என்பது என் தேர்வு. குறைத்தால் வேகம் கூடும், பொய்யெச்சரிக்கையும் கூடும்.

ஆறாம் படி: ஃபூரியே கண்ணாடி வழியாகப் பார்த்தல்

நிஃப்டி குறியீட்டின் நாள் வருவாயை ஃபூரியே முறையில் பிரித்தால் ஏறத்தாழத் தட்டையான நிறமாலைதான் கிடைக்கும். அதில் சுழற்சி தேடுவது கானல் நீரைத் தேடுவதே. காரணம் இதுதான்: ஒற்றைக் காலமுறைப்படத்தில் (சராசரியாக்காமல் ஒரே தடவை கணக்கிட்ட நிறமாலை) ஒவ்வொரு புள்ளியின் நிச்சயமின்மையும் அப்புள்ளியின் உண்மை அளவுக்கே சமம்; ஆகவே சிகரங்கள் தற்செயலாகவே முளைக்கும்.

ஆனால் வருவாயின் குறியை நீக்கி, அதன் அளவை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. கொந்தளிப்பு கொந்தளிப்பைத் தொடர்கிறது, அமைதி அமைதியைத் தொடர்கிறது. ஆகவே தாழ்ந்த அதிர்வெண்களில் ஆற்றல் குவிகிறது. 512 நாள்களை எடுத்து, சராசரியைக் கழித்து, 128 நாள் துண்டுகளாகப் பாதி மேற்பொருந்துமாறு வெட்டி, ஒவ்வொன்றின் ஓரங்களையும் ஹான் சாளரத்தால் (இரு முனைகளிலும் சுழியத்துக்கு இறங்கும் எடை வளைவு) மழுக்கி, நிறமாலைகளைச் சராசரியாக்குங்கள். இது 1967 இல் பீட்டர் வெல்ச் வகுத்த முறை. பைத்தானின் சைபை (SciPy) நூலகத்தில் அவர் பெயரிலேயே கிடைக்கும். பிறகு 20 நாளுக்கு மேற்பட்ட கால அளவுகளில் மொத்த ஆற்றலில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று கணக்கிடுங்கள். எந்த நினைவுமில்லாத தொடராக இருந்தால் அது ஏறத்தாழ 10 விழுக்காடாக இருக்கும். அதைவிட எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குச் சந்தை கட்டங்கட்டமாக இயங்குகிறது.

ஐந்து நிமிட விலைகளை வைத்து வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காலை 9.15 முதல் மாலை 3.30 வரை 375 நிமிடங்கள், அதாவது 75 பதிவுகள். தொடக்கத்திலும் முடிவிலும் பரபரப்பு, நண்பகலில் மந்தம் என்பது நாள்தோறும் நடப்பதால், 75 பதிவுகளிலும் அதன் பின்னங்களிலும் கூர்மையான சிகரங்கள் நிற்கும். அவை கடிகாரத்தின் சிகரங்கள். வாராந்தர ஆப்ஷன் ஒப்பந்தங்களின் முடிவுநாளாலும் ஐந்து நாள் சிகரம் தோன்றலாம். ஒவ்வொரு நேரப்பகுதிக்கும் உரிய சராசரி ஏற்ற இறக்கத்தால் வகுத்து இவற்றை முன்னமே நீக்கிவிடுங்கள்.

ஏழாம் படி: மாற்றம் உண்மைதானா என்று சோதித்தல்

ஒவ்வொரு பங்கின் வருவாய்களையும் தனித்தனியே சீட்டுக் கலைப்பதுபோலக் கலைத்துவிட்டு, குரல்களின் எண்ணிக்கையை மறுபடி கணக்கிடுங்கள். ஆயிரம் தடவை செய்யுங்கள். பங்குகளுக்கிடையே எந்த உறவும் இல்லாவிட்டால் எண் எங்கே இருக்கும் என்பது தெரிந்துவிடும். குறியீட்டின் ஏற்ற இறக்கத் தொடருக்கும் இதையே செய்யலாம். கலைத்த தொடரில் தாழ் அதிர்வெண் பங்கு 10 விழுக்காட்டை ஒட்டி வருகிறதா என்பது உங்கள் நிரலுக்கான சோதனையாகவும் அமையும்.

எச்சரிக்கைக் கோடு எங்கே போடுவது? கிரிட்ஸ்மன், லீ, பேஜ், ரிகோபான் ஆகியோர் 2011 இல் வெளியிட்ட உறிஞ்சல் விகிதம் இதற்கு நல்ல முன்மாதிரி. மேலேயுள்ள ஐந்தில் ஒரு பங்கு திசையன்கள் மொத்த அசைவில் எவ்வளவை உறிஞ்சுகின்றன என்று அவர்கள் பார்த்தனர். நம் ஐம்பதில் அது பத்துத் திசையன்கள். அந்த விகிதத்தின் 15 நாள் சராசரியிலிருந்து ஓராண்டுச் சராசரியைக் கழித்து, ஓராண்டுத் திட்ட விலக்கத்தால் வகுத்து, விடை 1 ஐத் தாண்டினால் சந்தை எளிதில் உடையக்கூடிய நிலையில் இருப்பதாகக் கொண்டனர். குரல்களின் எண்ணிக்கைக்கும் இதே கணக்கைப் பயன்படுத்தலாம். குரல்கள் குறைவதுதான் ஆபத்து என்பதால் அங்கே விடை கழித்தல் 1 க்குக் கீழே போகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த நாளின் கணக்கிலும் அந்த நாள்வரை கிடைத்த தரவு மட்டுமே இருக்கட்டும். ஐந்தாண்டுச் சராசரியை முழுமையாகக் கணக்கிட்டுவிட்டு முதலாண்டுக்கும் அதையே பொருத்தினால், அந்த வரைபடம் வருங்காலத்தை எட்டிப்பார்த்து எழுதிய தேர்வுத்தாள்.

எட்டாம் படி: எண்களைப் படித்தல்

ஐகன் மதிப்புக்குத் திசை தெரியாது. 2009 மே 18 அன்று தேர்தல் முடிவுகளின் களிப்பில் நிஃப்டி 17 விழுக்காட்டுக்கு மேல் ஏறி, மேல் உச்சவரம்பை எட்டி வணிகம் நிறுத்தப்பட்டது. 2024 ஜூன் 3 அன்று 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறிய சந்தை, மறுநாள் ஏறத்தாழ 6 விழுக்காடு விழுந்தது. மூன்று நாள்களும் நிறமாலையின் பார்வையில் ஒரே வகை: எல்லோரும் ஒரே குரலில் பேசிய நாள்கள். குரல்கள் குறைந்தால் விலை விழும் என்று இதற்குப் பொருளல்ல. விழுந்தால் எல்லாம் சேர்ந்து விழும் என்றுதான் பொருள்.

அதனால்தான் குரல்களின் எண்ணிக்கை, கொந்தளிப்பு ஆகிய இரண்டு அளவுகளையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்கிறேன். குரல்கள் குறைந்து, கொந்தளிப்பும் உயர்ந்திருந்தால் புயல் ஏற்கெனவே கரை கடந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்ல நிறமாலை தேவையில்லை, செய்தித்தாளே போதும். நான் மிகவும் கவனிப்பது வேறொரு சேர்க்கையை: ஏற்ற இறக்கம் தாழ்ந்து கிடக்கிறது, சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் இந்தியா விக்ஸ் குறியீடு அமைதியாக இருக்கிறது, ஆனால் குரல்கள் வாரவாரம் குறைந்துகொண்டே வருகின்றன. எல்லோரும் ஒரே காரணத்துக்காக ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் நிலை அது. வீழ்ச்சி வராமலேயே இந்நிலை மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆயினும் கையிருப்பில் ரொக்கத்தின் அளவைப் பற்றி யோசிக்க உகந்த நேரம் அதுவே. குரல்கள் மிகுந்திருக்கும் காலத்தில்தான் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் உழைப்புக்குக் கூலி கிடைக்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். நிஃப்டி குறியீட்டில் நிதித்துறையின் எடை 30 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் ஒட்டுறவு அணி ஐம்பது பங்குகளையும் சமமாகவே நடத்துகிறது. ஆகவே குறியீட்டு நிதியில் முதலீடு செய்திருப்பவர் கேட்கும் குரல்கள் நம் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். அவரவர் கையிருப்பின் எடைகளை வைத்து அணியைக் கட்டிக்கொள்வது நல்லது. சித்தப்பாவின் பன்னிரண்டு பங்குகளுக்கும் அப்படித்தான் செய்து கொடுத்தேன்.

ஒன்பதாம் படி: வார வேலையாக்குதல்

வெள்ளிக்கிழமை சந்தை மூடியபின் ஒருமுறை ஓட்டினால் போதும். நாள்தோறும் பார்ப்பது கையைச் சும்மா இருக்கவிடாது. குரல்களின் எண்ணிக்கை, உறிஞ்சல் விகிதத்தின் திட்டப்படுத்திய மாற்றம், தாழ் அதிர்வெண் பங்கு ஆகிய மூன்று எண்களையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். நிலை மாறியதாக அறிவிக்க ஒரு கோடும், பழைய நிலைக்குத் திரும்பியதாக அறிவிக்க வேறொரு கோடும் வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சல் விகிதத்தில் நுழைவதற்கு 1, வெளியேறுவதற்கு 0 என்பது நான் பின்பற்றுவது. குரல்களுக்கு அதே அளவு கழித்தல் குறியோடு. ஒரே கோடாக இருந்தால் எண் அதன்மேல் ஊசலாடும்போதெல்லாம் விற்பதும் வாங்குவதுமாகத் தரகுக் கட்டணமும் பரிவர்த்தனை வரியும்தான் மிஞ்சும். கோடு தாண்டிய வாரங்களில் அந்த நேரத்தில் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அரைவாழ்நாளையும் கோடுகளையும் திருத்த உட்காரும்போது, எந்த எச்சரிக்கை உண்மையானது, எது பழைய தேதியின் நிழல் என்று பிரித்தறிய அந்த வரி வேண்டியிருக்கும்.